பின்சுவரில் பெயிண்ட் உப்பல், கட்டிலடியில் தூள்: ஓதமா, கரையானா?

பனிமூட்டம்

வணக்கம். அப்பாவும் அம்மாவும் கோத்தகிரி பக்கம் இருக்காங்க, நான் கோவையில. வீட்டுக்குப் பின்னாடி மண்மேடு, அதுக்கு மேல தேயிலை. பின் ரூம்ல மூணு விஷயம் கண்ணுல பட்டிருக்கு.

மேட்டுப் பக்கச் சுவர்ல தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு பெயிண்ட் உப்பி நிக்குது. அதே சுவர்ல இருக்குற ஜன்னல் நிலையோட அடிக்கட்டையைத் தட்டினா சத்தம் பொத்துனு கேக்குதுன்னு அம்மா சொல்றாங்க. நிலை சில்வர் ஓக். அப்புறம் பழைய கட்டில் காலுக்குக் கீழ மஞ்சளா தூள். பெருக்கினா மறுபடி விழுது.

அப்பா "மலையில ஓதம் ஏறாத வீடு எது, வெயில் வந்தா சரியாயிடும்"னு முடிச்சுட்டார். பூச்சி மருந்து அடிக்கிறவங்களுக்குப் போன் பண்ணினா, வீட்டைப் பாக்காமலே கரையான்தான்னு சொல்லி சதுர அடிக்கு ரேட் பேசுறாங்க. ரெண்டு பேர் சொல்றதையும் அப்படியே எடுத்துக்க மனசு வரல. நாமளே பார்த்துக் கண்டுபிடிக்க வழி இருக்கா?

ஊட்டி வாத்தியார்

அப்பா சொல்வதுதான் சரி அம்மா. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இத்தனை காலம் இங்கே குடியிருந்து வீட்டுக்குள் கரையானைக் கண்டதில்லை. டிசம்பரில் உறைபனி விழும் ஊரில் அது எங்கே பிழைப்பது? ஜூன், ஜூலையில் சுவர் தண்ணீர் குடிக்கும், பிப்ரவரியில் காயும், காயும்போது பெயிண்டையும் இழுத்துக்கொண்டு உதிரும். சுண்ணாம்பு அடித்த காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. காசைக் கொண்டுபோய் மருந்துக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

ஆறுகால்

பூச்சியியல் படித்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வாத்தியார் சார் சொல்வதில் பாதி சரி. உயரம் ஏற ஏறக் கரையான் இனங்களும் குறையும், கூட்டங்களும் குறையும். மேட்டுப்பாளையத்தில் வேலியோரமெல்லாம் புற்று. ஊட்டியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் குளிர் அதைக் குறைக்கிறதே தவிர நிறுத்துவதில்லை. உறைபனி புல் நுனியில் விழுகிறது, ஓரடி ஆழத்து மண்ணில் அல்ல. கரையானின் வாழ்க்கை அந்த மண்ணுக்குள்தான். கோத்தகிரி ஊட்டியைவிடத் தாழ்வான கிழக்கு விளிம்பு, அங்கிருந்து குஞ்சப்பனைப் பக்கம் இறங்க இறங்க வெக்கை கூடிக்கொண்டே போகும். ஆகவே "மலையில் இருக்காது" என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

பனிமூட்டம், மூன்றையும் ஒரே முடிச்சாகப் போடாதீர்கள். முதலில் அந்தத் தூள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். மாவாக வழுக்கினால், கட்டில் காலில் குண்டூசித் தலை அளவில் வட்ட ஓட்டைகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் அது மரம் துளைக்கும் வண்டு. மண்ணிலிருந்து வரும் கரையான் தூள் கொட்டாது. தின்றதன் கழிவைக்கூட மண்ணோடு குழைத்துக் கட்டடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் சிக்கனக்காரர் அது.

தூள் வழுக்காமல் நறநறவென்று மணிமணியாக உருண்டால் விஷயம் வேறு. அது உலர்மரக் கரையானின் எச்சம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மணிகள், லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஆறு பட்டை தெரியும். அந்த இனத்துக்கு மண்ணே தேவையில்லை, மரத்துக்குள்ளேயே குடித்தனம். கடலோர ஊர்களில் அதிகம். மலைக்குத் தானாக ஏறுவதைவிட, கீழேயிருந்து வாங்கி வரும் பழைய மரச்சாமானில் ஏறி வருவதுதான் நடக்கக்கூடியது.

உளிச்சத்தம்

நான் குன்னூர்ல மரவேலை பாக்கிறவன். எங்க வேலையில வாரத்துக்கு ஒரு வீட்லயாவது இந்தக் கேள்வி வரும்ங்க.

மேடம், ஓத உப்பலும் கரையான் உப்பலும் பார்வைக்கு ஒண்ணுபோலத் தெரியும், கை வச்சா தெரிஞ்சுடும். ஓதம்னா உப்பல் பரவலா இருக்கும். மேல ஒரு நீர்க்கோடு ஓடும், கீறினா உள்ள வெள்ளையா உப்புப் பூத்துக் கிடக்கும், பூச்சே கையோட வரும். கரையான்னா உப்பல் ஒடுக்கமா, கோடு கோடா, கிளை பிரிஞ்சு போகும். விரல் வச்சா பெயிண்ட் தோல் அப்பளமா நொறுங்கி உள்ள ஈர மண் தெரியும். அந்த மண் சுவரோட நிறம் இல்லாம தோட்டத்து மண் நிறத்துல இருக்கும். நம்ம ஊர்ச் செம்மண்ணுன்னா சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது நிலை. ஸ்க்ரூடிரைவர் பிடியால கீழிருந்து மேல தட்டிக்கிட்டே போங்க. நல்ல மரம் டங்குனு சொல்லும், தின்ன இடம் பொத்துனு சொல்லும். சத்தம் மாறுற இடத்துல முனையை வச்சு லேசா அழுத்துங்க. சும்மா உள்ள இறங்கினா ரெண்டு காரணம் இருக்கலாம். கட்டம் கட்டமா வெடிச்சு, பழுப்பா, காஞ்ச கேக்குத் துண்டா உதிர்ந்தா அது மழைத்தண்ணி நின்னு மக்கினது. பூஞ்சை வேலை, பூச்சி இல்ல. ரேகை ஓடுற போக்குலயே நீளமா குடைஞ்சு, மெத்துனு இருக்குற பாகத்தை மட்டும் தின்னு, கெட்டி ரேகையைத் தகடு தகடா விட்டுவச்சு, நடுவுல மண்ணு பூசியிருந்தா கரையான்.

இன்னொண்ணு, மலை வீட்டுக்காரங்க இதை நல்லா மனசுல வச்சுக்கணும். மழை மாசத்துல எல்லாக் கதவும் ஊதும், எல்லாம் உராயும். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். மாசி, பங்குனியில மத்த கதவெல்லாம் சுருங்கி லூசா ஆடுறப்போ ஒரே ஒரு கதவு மட்டும் பிடிச்சுக்கிட்டே நின்னா, அந்த நிலையோட அடியைப் பாருங்க.

சில்வர் ஓக்னு சொன்னதும் எனக்கு பக்குனுச்சு. எஸ்டேட்டுல நிழலுக்கு நட்டதை வெட்டினா பலகை சல்லிசா கிடைக்கும், அதனால எல்லாரும் போட்டுடறாங்க. வைரம் பாஞ்ச தேக்கு, ஈட்டியைத் தொட யோசிக்கிற பூச்சி இதை யோசிக்காது. தேக்கே ஆனாலும் வெளிறு (வைரத்தைச் சுத்தி வெளிப்பக்கம் இருக்குற வெளுத்த மென்பாகம்) சேர்ந்த கட்டையா இருந்தா அந்த வெளிறு வரைக்கும் தின்னுட்டு நிக்கும்.

பாட்டிவைத்தியம்

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு? மண்ணெண்ணெய் ஒரு பாட்டில், கல் உப்பு ரெண்டு கிலோ. பின்சுவர் ஓரமா ஊத்தித் தூவுங்க. எங்க வீட்ல அடுத்த நாளே ஒண்ணையும் காணோம்.

ஆறுகால்

காணோம் என்பதுதான் பிரச்சினை. மண்ணெண்ணெய் பட்ட பாதையைக் கைவிட்டு வேறு பாதை போட்டுக்கொள்ளும். புற்றில் இருக்கும் ராணிக்கு ஒன்றும் ஆகாது, அது முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். இதுவரை கண்ணுக்குத் தெரிந்த ஓட்டம் இனிமேல் சுவருக்குள் போகும், அவ்வளவுதான் லாபம். உப்பு தரையோரத்துப் பூச்சைத்தான் அரிக்கும்.

கண்டுபிடிக்கும் கட்டத்தில் எதையும் ஊற்றாதீர்கள், முழுப் பாதையையும் சுரண்டி எடுக்காதீர்கள். பென்சில் கனத்தில் மண்குழாய் தெரிந்தால் நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். உள்ளே வெள்ளையாக ஓடினால் இப்போதே தெரிந்துவிடும். ஒன்றும் ஓடாவிட்டாலும் சில நாள் கழித்துப் பாருங்கள். ஈர மண் வைத்து அடைத்திருந்தால் ஆள் நடமாட்டம் உள்ள பாதை. காய்ந்து அப்படியே கிடந்தால் பழைய பாதை. ஆனால் பழைய பாதை ஒன்று இருக்கிறது என்றால் புதியது எங்கே என்று தேட வேண்டும்.

பந்தலூர் மழை

நாங்க கூடலூர் தாண்டி. இங்க யாரும் "கரையான் இருக்கா"னு கேக்கறதில்ல, "எந்த ரூம்ல"னுதான் கேப்பாங்க. 😀

எங்க வீட்ல முதல்ல காட்டிக் கொடுத்தது ஈசல், அதாவது இறக்கை முளைச்ச கரையான். கோடை மழை பெஞ்ச சாயங்காலம் தெருவிளக்கைச் சுத்தி வர்றது சகஜம், அதுக்காக யாரும் பயப்படறதில்ல. ஆனா ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு, உள் ரூம் ஜன்னல் படியில காலையில இறக்கை குவிஞ்சு கிடக்குது. வெளியிலிருந்து வந்ததில்ல, வீட்டுக்குள்ளேயே கிளம்பி வெளிச்சத்தைத் தேடிப் போனது. தேடிப் பார்த்தா சுவிட்ச் போர்டு. பழைய மரப்பெட்டி போர்டு, பின்னாடி முழுக்க மண்ணு. வயர் போற குழாய் வழியா தரைக்கு அடியிலிருந்து ஏறியிருக்கு.

பனிமூட்டம் அக்கா, வீடு கட்டின இடம் முன்னாடி தேயிலையா இருந்துச்சா? செடியைப் பிடுங்கிட்டு நிழல் மரத்தோட கட்டையை மண்ணுக்குள்ளயே விட்டுத் தரை போட்டிருந்தா, தரைக்கு அடியில சாப்பாடு வச்சு அழைச்ச மாதிரி ஆயிடும். எங்க லைன்ல ரெண்டு வீட்ல அதுதான் காரணம்னு தோண்டினப்போ தெரிஞ்சது.

மசினகுடி பைக்கர்

எங்க பக்கம் புற்று இருக்கான்னு நாங்க தேடறதே இல்ல, கரடி தேடிக் கொடுத்துடும். காலையில வேலியோரம் மண்ணைக் கிளறிப் பெரிய குழியா கிடந்தா ராத்திரி வந்து கரையான் உறிஞ்சிட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். கோத்தகிரியிலயும்தான் கரடி சுத்துதே, அம்மாவைத் தோட்டத்துல பாக்கச் சொல்லுங்க. (பகல்ல.)

ஊட்டி வாத்தியார்

ஈசல் என்றதும் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டிலும் மழைக்குப் பிறகு இறக்கை முளைத்த பூச்சிகள் சுவர் இடுக்கிலிருந்து வருவதுண்டு. கறுப்பாக இருக்கும். எறும்பு என்றுதான் இதுவரை எடுத்துக்கொண்டேன். எறும்புக்கும் இறக்கை முளைக்குமல்லவா? எப்படிப் பிரித்தறிவது?

ஆறுகால்

முளைக்கும் சார். ஒன்றைப் பிடித்து வெள்ளைத் தாளில் வைத்து மூன்று இடம் பாருங்கள். இடுப்பு நூலாக ஒடுங்கினால் எறும்பு, உடம்பு ஒரே பருமனாக ஓடினால் ஈசல். நான்கு இறக்கையும் ஒரே நீளமாக, உடம்பைத் தாண்டி நீண்டிருந்தால் ஈசல். முன் ஜோடி பெரிதாகவும் பின் ஜோடி சிறிதாகவும் இருந்தால் எறும்பு. உணர்கொம்பு முழங்கை மடித்ததாக இருந்தால் எறும்பு, மணி கோத்த நேர்ச்சரடாக இருந்தால் ஈசல். நிறத்தை நம்ப வேண்டாம். உயிரோடு பிடிக்க முடியாவிட்டால் உதிர்ந்த இறக்கை போதும். எல்லாம் ஒரே அளவில் குவிந்து கிடந்தால் ஈசல்தான்.

ராத்திரி வீடு அடங்கிய பிறகு நிலையில் காதை வைத்துக் கேட்பதும் உண்டு. கட்டையைத் தட்டியவுடன் சிப்பாய்க் கரையான்கள் தலையால் மரத்தை முட்டி எச்சரிக்கை கொடுக்கும். டிக்டிக்கென்று மெல்லிய சத்தம். கேட்டால் உறுதி, கேட்காவிட்டால் எதுவும் உறுதியில்லை.

சைட் இன்ஜினியர்

எல்லாரும் ரூமுக்குள்ளயே நிக்கிறீங்க. வெளிய வாங்க.

மலை வீட்ல முக்கால்வாசிக் கேஸ் மேட்டுப் பக்கச் சுவர்தான். சரிவை வெட்டி வீடு கட்டறோம். முன்பக்கம் அஸ்திவாரம் நாலடி வெளிய தெரியும், பின்பக்கம் மண்ணு உள் தரை மட்டத்துக்கு மேல நிக்கும். சமவெளியில கரையான் வெளிச் சுவர்ல குழாய் கட்டி ஏறணும், நாம பார்த்துடலாம். இங்க ஏறவே வேண்டாம், நேரா சுவருக்குள்ள வந்துடும். அதுலயும் பழைய கருங்கல் கட்டடம், மண் சாந்து வச்சு அடுக்கினதுன்னா சுவரோட நடுவுலயே பாதை. கீழ ஒரு கீறல்கூட தெரியாம மேல உத்தரத்துல போய் முதல் அடையாளம் வரும்.

அதனால பனிமூட்டம், அப்பாவைப் பின்னாடி போய்ப் பாக்கச் சொல்லுங்க. மேட்டுக்கும் சுவருக்கும் நடுவுல ஆள் நடக்க இடம் இருக்கா, இல்ல வருஷா வருஷம் மழையில சரிஞ்ச மண்ணு சுவரைத் தொட்டுக்கிட்டு நிக்குதா? விறகு அங்கதான் அடுக்கியிருக்கா? சாக்கடை அடைச்சுக்கிட்டு, தகரக் கூரையிலிருந்து தண்ணி அங்கேயே கொட்டுதா? கட்டினப்போ போட்ட சென்டரிங் பலகைத் துண்டு மண்ணுல புதைஞ்சு கிடக்கா? இந்த நாலும் சேர்ந்த இடத்துக்கு நேர் உள்பக்கம்தான் உங்க உப்பல் இருக்கும்னு நான் பந்தயமே கட்டுவேன்.

பனிமூட்டம்

எல்லாருக்கும் நன்றி. அப்பா முதல்ல முணுமுணுத்தாலும் வீடியோ கால் போட்டு ஒவ்வொண்ணா காட்டினார்.

தூள்: மாவு. கட்டில் கால்ல வட்ட ஓட்டை இருக்கு. ஆக வண்டு.

பெயிண்ட்: சுவரோட இடது பாதி பரவலா, உள்ள வெள்ளை உப்பு. அது அப்பா சொன்ன ஓதம்தான். வலது பாதியில, ஜன்னலுக்குக் கீழ, ரெண்டு கோடு தனியா மேல போகுது. விரல் வச்சதும் செம்மண்ணு. உள்ள வெள்ளையா ஓடுச்சு, அம்மா கத்தினது எனக்கு இங்க கேட்டுச்சு.

நிலை: அடிக்கட்டையில ஸ்க்ரூடிரைவர் பாதி இறங்கிடுச்சு. தகடு தகடா, மண்ணு பூசி.

வெளிய: இன்ஜினியர் சார் பந்தயத்துல ஜெயிச்சுட்டார். விறகு அடுக்கு அந்த ஜன்னலுக்கு நேர் பின்னாடி, மண்ணு சுவரைத் தொட்டு.

அப்பா இப்போ "ஓதமும் உண்டுல்ல"ன்னு சொல்லிட்டு இருக்கார். அடுத்து என்ன பண்ணணும்? நிலையை உடனே மாத்திடலாமா?

உளிச்சத்தம்

மாத்தாதீங்க. மண்ணுக்கு வைத்தியம் பண்ணாம புது நிலை வச்சா அதுக்குப் புதுச் சாப்பாடு வச்ச கணக்கு. முதல்ல விறகை எடுத்து வீட்டை விட்டுத் தள்ளி, கல்லு மேல அடுக்குங்க. அடுக்குக்கு அடியில பாருங்க, பாதை அங்கிருந்து கிளம்பியிருக்கும். அந்தச் சுவரை ஒட்டியிருக்கிற அட்டைப்பெட்டி, பழைய புஸ்தகம், பிளைவுட் அலமாரியோட பின்தகடு எல்லாத்தையும் நகர்த்திப் பாருங்க. பின்தகடு வெளிய பளபளப்பா இருக்கும், சுவர்ப்பக்கம் ஒண்ணுமே இருக்காது.

கட்டில் தனி விஷயம். வண்டு வெளிறுலதான் இருக்கும். அந்தக் காலை மட்டும் மாத்திடலாம், வீட்டுக்கே மருந்தடிக்க அது காரணம் இல்ல. மருந்துக்காரர் கட்டில் தூளைக் காட்டி பில்லை ஏத்தினா விடாதீங்க.

சைட் இன்ஜினியர்

மண்ணை ஒதுக்குறப்போ கையால, சுவரைத் தொடுற அளவு மட்டும். மேட்டையே வெட்டிடலாம்னு மெஷின் கூப்பிடாதீங்க. நம்ம மாவட்டத்துல அனுமதி இல்லாம அதைச் செய்ய முடியாது. அனுமதி கிடைச்சாலும் மழைக்கு முன்னாடி அடிவாரத்தை வெட்டினா மேல இருக்கிறது கீழ வரும்.

மருந்து வேலைக்கு ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதி இருக்கு. கட்டி முடிச்ச வீட்டுக்கு அதோட 3-ஆம் பாகம். சுருக்கமா: சுவரும் தரையும் சேருற மூலையில 30 சென்டிமீட்டருக்கு ஒண்ணா 12 மில்லிமீட்டர் துளை, துளை குடிக்கிற வரைக்கும் மருந்து, அதிகபட்சம் துளைக்கு ஒரு லிட்டர். உங்க பின்சுவர் 6 மீட்டர்னா 20 துளை, 20 லிட்டர் வரைக்கும் போகும். மொத்த வீட்டுக்கும் ஒரே கேன் கொண்டுவந்து சுவர் மேல ஸ்ப்ரே அடிச்சுட்டுப் போறவர்கிட்ட ரசீதே வாங்க வேண்டாம், வேலையே கொடுக்காதீங்க. மருந்தோட சீல் உடைக்காத பாட்டிலைக் கண் முன்னாடி திறந்து கலக்கச் சொல்லுங்க. இப்போ பெரும்பாலும் இமிடாகுளோபிரிட், பைஃபென்த்ரின், குளோர்பைரிஃபாஸ் இதுல ஒண்ணுதான் வரும். யாராவது பழைய ஸ்டாக் ஆல்ட்ரின்னு பெருமையா சொன்னா அது தடை செஞ்ச மருந்து, வாசலோட அனுப்பிடுங்க.

பந்தலூர் மழை

குடிதண்ணி எங்கிருந்து வருது அக்கா? வீட்டுக்குக் கீழ ஊற்றோ கிணறோ இருந்தா அதைச் சொல்லாம மருந்து வைக்க விடாதீங்க. சரிவுல மேல ஊத்தினது கீழதான் போகும். எங்க வீட்டுக்குக் கீழ ஓடை, அதனால மேட்டுப் பக்கம் தோண்டி ஊத்தறதை விட்டுட்டு உள்பக்கத் துளை மட்டும் போட்டோம். மழை நிக்கிற வாரமா பார்த்து.

ஆறுகால்

இதை நானே சொல்லியிருக்க வேண்டும், நன்றி. பைஃபென்த்ரினும் குளோர்பைரிஃபாஸும் மீன்களுக்குக் கொடிய விஷம், இமிடாகுளோபிரிட் தேனீக்களுக்கு. ஈர மண்ணில், மழைக்கு முன்னால் வைப்பது மருந்தையும் வீணாக்கும், ஓடையையும் கெடுக்கும். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியில் நன்றாகவே பெய்யும், அக்டோபர், நவம்பரில் வேண்டாம்.

பனிமூட்டம்

தண்ணி பஞ்சாயத்துக் குழாய்தான். ஆனா கீழ வீட்டுக்காரங்க ஊற்றுத் தண்ணி எடுக்கிறாங்க. அவங்ககிட்ட சொல்லிட்டு, உள்பக்கத் துளை மட்டும் போடச் சொல்றேன். விறகை இன்னிக்கே எடுக்க ஆள் சொல்லியாச்சு.

ஊட்டி வாத்தியார்

ஒரு கேள்வி ஆசாரியாரே. எங்களுடையது பழைய பங்களாவில் பிரித்த பாகம், பலகைத் தரை. பலகைக்கு அடியில் இரண்டடி வெற்றிடம், வெளிச் சுவரில் இரும்புச் சல்லடை வைத்த காற்றுத் துவாரங்கள். எலி வருகிறதென்று முன்னே இருந்தவர்கள் அவற்றைச் சிமெண்டால் அடைத்துவிட்டார்கள். நடு அறையில் கால் வைத்தால் தரை கொஞ்சம் அமுங்குகிறது. குளிரைப் பற்றி நான் சொன்னதை வைத்துக் கேலி செய்யாமல் பதில் சொல்லவும்.

உளிச்சத்தம்

கேலி எல்லாம் இல்லீங்க சார். அடைச்சதைத் திறந்துடுங்க, அதுதான் முதல் வேலை. காத்து ஓடாம ஈரம் கட்டிக்கிட்டா பூஞ்சையும் வரும், கரையானும் வரும். எலிக்கு பொடிக்கண் வலை வச்சுக்கலாம். நடு ரூம்ல ஓரத்துப் பலகை ஒண்ணைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. தரையைத் தாங்குற கட்டைகள் நிக்கிற கல் தூண்ல மண்குழாய் ஏறுதான்னு எல்லாத் தூணையும் பாக்கணும், ஒண்ணை விட்டுடாதீங்க. மண்குழாய் இல்லாம கட்டை மட்டும் கட்டம் கட்டமா வெடிச்சிருந்தா உங்க ஊர்க் குளிரும் ஈரமும்தான், அந்தக் கட்டையை மாத்தினா போதும். பலகையைக் கழட்டறப்போ ஆணியைப் பிடுங்காதீங்க, அந்தக் காலத்துப் பலகை நாக்கும் பள்ளமுமா ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகியிருக்கும், உடைஞ்சா அதே அகலத்துல இப்போ கிடைக்காது. ஞாயித்துக்கிழமை ஊட்டியில ஒரு வேலை இருக்கு. வேணும்னா வந்து கழட்டித் தர்றேன், தனிச்செய்தி போடுங்க.